ஊட்டியை விடத் தாழ்வான மலை

1898 மீட்டர். ஊட்டி பஸ் ஸ்டாண்டே இதைவிட உயரத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்துக்கு வந்த இரண்டாவது கோடையில் க்ரோஸர் மீதென் என்ற மலையை வரைபடத்தில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். நான் கோயம்புத்தூர்க்காரன். பள்ளிக்கூட வயதிலேயே அப்பாவோடு வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவன். தொட்டபெட்டா 2637 மீட்டர். அங்கே உச்சிக்குப் பக்கம் வரை கார் போகும், இறங்கினால் சூடாக மிளகாய் பஜ்ஜி கிடைக்கும். அப்படியிருக்க 1898 எல்லாம் ஒரு மலையா என்று மனைவியிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம்.

ஐன்ஸீடெல்னில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து ப்ரூன்னி. அங்கிருந்து காட்டு வழியாக ஒரு மணி நேரம் நடந்தால் ஹோல்ட்ஸெக் என்ற மேட்டுக் கணவாய். அதுவரைக்கும் பிக்னிக்தான். ஹோல்ட்ஸெக்கில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். எதிரே நிற்பது மலை இல்லை, சுவர். அந்தச் சுவரில் கொசுவம் மடித்த மாதிரி இங்கும் அங்குமாக ஒரு பாதை ஏறுகிறது. நாற்பத்துச் சொச்சம் வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். பாறை சுண்ணாம்புக்கல். தலைமுறை தலைமுறையாகப் பூட்ஸ் தேய்த்துத் தேய்த்து அம்மிக்கல் போல வழவழப்பாகிவிட்டது. ஒரு பக்கம் மலை, அதில் சில இடங்களில் சங்கிலி. மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

இருபதாவது வளைவுக்குக் கொஞ்சம் மேலே அவள் நின்றுவிட்டாள். இடது கை சங்கிலியில். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. வலது உள்ளங்கையைப் பாறையில் பல்லி மாதிரி ஒட்டி வைத்திருந்தாள். "எனக்கு முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் போக முடியல," என்றாள், ரொம்ப மெதுவாக. எங்களுக்குப் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. எட்டு வயதுப் பையன் ஒருவன், இடுப்பில் கட்டிய கயிற்றை அப்பா பிடித்திருக்க, எங்களைப் பார்த்தபடியே நின்றான். எழுபது வயது இருக்கும் ஒரு பாட்டி எங்களைத் தாண்டும்போது நின்று, மலைப்பக்கமாகவே நில்லுங்கள், அடுத்த அடி வைக்கும் கல்லை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். உச்சிக்குப் போகும் வழியில் டோட்டென்ப்ளாங் என்று ஒரு சரிவு இருக்கிறது. பெயரிலேயே சாவு இருக்கிறது. நல்லவேளை, அந்தப் பெயரை நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தோம்.

பத்து நிமிடம் கழித்துத் திரும்பினோம். நான் பள்ளத்துப் பக்கமாக, ஒரு அடி கீழே நடந்தேன். அவள் என் தோளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஹோல்ட்ஸெக் உணவகத்தில் சூப் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது. "நீ மலையோட உயரத்தப் பாத்திருக்க. வழியப் பாக்கல."

பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அது எனக்கு முதல் தப்பும் இல்லை.

அதற்கு முந்தைய வருடம் நீஸன். தூன் ஏரிக்கரையில் யார் நின்றாலும் கண்ணில் படும் மலை அது. குழந்தை வரைந்த முக்கோணம் மாதிரி இருக்கும். எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் தெரிந்ததால் தினமும் டீ போடும்போது அது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மலையைத் தேர்ந்தெடுக்க இதைவிட மோசமான காரணம் கிடையாது. உச்சி 2362 மீட்டர். ஊட்டியை விட நூற்றிருபது மீட்டர்தான் அதிகம் என்று மனசுக்குள் கணக்கு. ஆனால் நீலகிரி ஒரு பீடபூமி. மேலே போய்விட்டால் உயரம் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. ஆல்ப்ஸில் பள்ளத்தாக்குகள் ஆழமானவை. நீஸனுக்கு நடக்கத் தொடங்கும் ம்யூலெனென் ரயில் நிலையம் 690 மீட்டரில் இருக்கிறது. ஆக ஏற வேண்டியது 1670 மீட்டர். உச்சியின் உயரத்தை எல்லோரும் பெருமையாக எழுதி வைப்பார்கள். கால் சம்பந்தப்பட்ட எண் இந்தக் கழித்தலில் வருவதுதான். இன்றைக்கும் எந்த மலைப் பெயரைக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, "எங்கிருந்து ஏறணும்?"

ஏறினோம். நன்றாகவே ஏறினோம். நீஸனுக்குப் பழனி விஞ்ச் மாதிரி ஒரு இழுவை ரயில் உண்டு, 1910-லிருந்து ஓடுகிறது. அதை ஒட்டியே 11,674 படிகள் கொண்ட ஒரு படிக்கட்டும் போகிறது, உலகத்திலேயே நீளமானது. ஆனால் வருடத்தில் ஒரு நாள் ஓட்டப் பந்தயத்துக்கு மட்டும்தான் அது திறக்கும், நமக்கு இல்லை. நாங்கள் பாதையில் வந்தோம். மேலே போனதும் இறங்குவதற்கு ரயில் டிக்கெட் எடுக்கலாமா என்று பேச்சு வந்தது. ஏறினவனுக்கு இறங்க முடியாதா, காசு எதற்கு வீண் என்று சொன்னது நான்தான். பாதி வழியில் ஷ்வாண்டெக் என்ற இடத்தில் ரயில் மாறும் நிலையம். அங்கே வருவதற்குள் என் வலது முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் ஊசி குத்தியது. மிச்ச தூரத்துக்கு டிக்கெட் வாங்கி ஊமையாக உட்கார்ந்து வந்தேன். அடுத்த நான்கு நாள் ஆபீஸில் மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கியவன் நான் ஒருத்தன்தான்.

ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும், அந்த வேலைக்குப் பழகாத தசை சீக்கிரம் கைவிட்டுவிடும். கைவிட்டதும் சுமை முழுக்க முட்டியில் இறங்கும். கவனம் சிதறுவதும் அப்போதுதான். ஸெர்மாட் அருங்காட்சியகத்தில் ஒரு துண்டுக் கயிறு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 1865 ஜூலை 14 அன்று மாட்டர்ஹார்ன் உச்சியை முதன்முதலாகத் தொட்ட ஏழு பேரைக் கட்டியிருந்த கயிறுகளில் ஒன்று. தொட்டுவிட்டு இறங்கும் வழியில்தான் ஒருவர் சறுக்க, நான்கு பேர் போனார்கள். அந்தக் கயிறு அறுந்ததால் மற்ற மூன்று பேர் பிழைத்தார்கள். பார்க்கவே அவ்வளவு மெல்லிசாக இருக்கிறது அது. எனவே மலையைத் தேர்ந்தெடுக்கும்போது இறங்கும் வழியை முதலில் தீர்மானிப்பது என்று வைத்துக்கொண்டேன். ரோப் காரோ ரயிலோ மேலே இருந்தால் ஏறுவது காலில், இறங்குவது வண்டியில். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் கிளம்பும் முன்பே கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்வேன். மலையில் சிக்னலை நம்பக்கூடாது.

மீதெனுக்குப் பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பலகைகளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். சுவிஸ் நடைபாதைகளுக்கு மூன்று நிறம். வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடை, செருப்பில்கூடப் போய்விடலாம் (போகாதீர்கள்). வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை: செங்குத்தாக இருக்கலாம், ஓரிடத்தில் சங்கிலி இருக்கலாம், விழுந்தால் அடிபடும் இடமும் இருக்கலாம். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கையையும் பயன்படுத்த வேண்டிய, சில இடங்களில் பாதையே இல்லாத வழி. இதற்கு மேல் சுவிஸ் ஆல்பைன் கிளப்பின் டி1 முதல் டி6 வரையிலான தர வரிசை ஒன்று இருக்கிறது. மஞ்சள் என்பது டி1, சிவப்பு டி2-வும் டி3-யும், நீலம் டி4-லிருந்து மேலே. இதில்தான் சூட்சுமம். டி2-வுக்கும் டி3-க்கும் தடத்தில் ஒரே சிவப்புதான். ஆனால் முதலாவது மருதமலைப் படிக்கட்டு, இரண்டாவது மீதென். நிறத்தை மட்டும் பார்த்துப் போனால் எங்களுக்கு ஆனதுதான் ஆகும். அந்த ஒரு எண் வித்தியாசத்தைத் தேடிப் படித்துவிட்டுத்தான் இப்போது டிக்கெட் எடுக்கிறேன்.

அப்புறம் பலகையில் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். அதில் ஓய்வு சேராது. சாப்பாடு, போட்டோ, கூழாங்கல் எடுக்க பூட்ஸைக் கழற்றுவது எல்லாம் நம் கணக்கு. நானே கணக்கிட வேண்டுமானால் மலைக்காரர்களின் பழைய வாய்ப்பாடு ஒன்று இருக்கிறது: மணிக்கு 300 மீட்டர் ஏறலாம், 500 மீட்டர் இறங்கலாம், சமதளத்தில் 4 கிலோமீட்டர் நடக்கலாம். உயரத்துக்கு ஆகும் நேரம் தனி, தூரத்துக்கு ஆகும் நேரம் தனி என்று போட்டு, பெரியதோடு சின்னதில் பாதியைக் கூட்ட வேண்டும். நீஸனுக்கு இதை அன்றே போட்டிருந்தால், ஏற்றத்துக்கு மட்டுமே ஐந்தரை மணி நேரம் என்று பேப்பரில் வந்திருக்கும். நாங்கள் பதினோரு மணிக்குக் கிளம்பினோம் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மூன்றாவது தப்பு கொஞ்சம் ஆபத்தானது. ஃபவுல்ஹார்ன், 2681 மீட்டர். தரம் லேசானது, பாதை அகலமானது, சங்கிலி கிங்கிலி எதுவும் இல்லை. ஷீனிகெ ப்ளாட்டெ வரை 1893-லிருந்து ஓடும் பல்சக்கர ரயிலில் மெதுவாக ஏறி, அங்கிருந்து முகட்டோரமாக நடந்து, ஃபவுல்ஹார்ன் ஏறி, பாஹால்ப் ஏரியைப் பார்த்துவிட்டு ஃபிர்ஸ்டில் இறங்கலாம். பதினாறு கிலோமீட்டர், ஆறு மணி நேரம். வழி முழுக்க ஐகர், மோன்ஹ், யுங்ஃப்ராவ் என்ற மூன்று வெள்ளை மலைகளும் கூடவே வரும். காகிதத்தில் இதைவிட நல்ல தேர்வு இல்லை. போனது ஜூன் மாதம், ரயில் அந்த வருடத்துக்குத் திறந்த முதல் வாரம். ரயில் ஓடுகிறது என்றால் பாதையும் திறந்திருக்கும் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

முதல் ஒரு மணி நேரம் புல், பூ, மாட்டுமணி. மென்ட்லெனென் குடிலுக்குப் போகும் வழியில், வெயில் படாத ஒரு மடிப்பில் பாதை திடீரென்று காணாமல் போயிற்று. அதன் மேல் பழைய பனி, ஒரு பஸ் நீளத்துக்குச் சரிவாகக் கிடந்தது. மேலே தூசி படிந்து அழுக்கு வெள்ளை. அதன் குறுக்கே ஒற்றைக் காலடித் தடம். கீழே சரிவு முடியும் இடத்தில் புல் இல்லை, பாறைக் குவியல். பூட்ஸ் முனையால் உதைத்துப் பார்த்தேன். காலை நேரம், ஐஸ் கட்டி மாதிரி இறுகியிருந்தது. சின்னக் கீறல் மட்டும் விழுந்தது. பஸ் நீளம்தானே, பத்துப் பன்னிரண்டு அடி வைத்தால் தாண்டிவிடலாமே என்று மனசு சொல்லத்தான் செய்தது. அதே சமயம் எதிரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். காலில் சின்ன முள் பட்டைகள், கையில் பனிக்கோடாரி. தாண்டி வந்து எங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள், தலையை மட்டும் ஆட்டினார்கள். நாங்கள் திரும்பினோம்.

இதை மேல்வீட்டு அண்ணாவிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறார். வந்த புதிதில் மலை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவியதில் தொடங்கியவர். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஜூன் எண்டு கலண்டரைப் பாராதையும். வெயில் எந்தப் பக்கம் படுது எண்டு பாரும். வடக்குப் பக்கச் சரிவில பனி போக ஜூலையும் ஆகும்." பழைய பனியில் சறுக்கினால், புல் தரையில் விழுந்த மாதிரி இல்லை, நிற்கவே நிற்காது என்றும் சொன்னார். இப்போது என் கணக்கு இது: 2000 மீட்டருக்கு மேலே என்றால் ஜூலைக்கு முன்னால் யோசிப்பதில்லை. அதிலும் தெற்குப் பார்த்த சரிவு முதலில், வடக்குப் பார்த்தது ஆகஸ்டில். கிளம்புவதற்கு முதல் நாள் அந்த மலையின் வெப்கேமராவைப் பார்ப்பது. சுவிஸ் அரசின் வரைபடச் செயலியான சுவிஸ்டோப்போவில் மூடப்பட்ட பாதைகளைக் காட்டும் அடுக்கு ஒன்று இருக்கிறது, முப்பது டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளை வண்ணத்தில் காட்டும் அடுக்கும் இருக்கிறது. இரண்டும் இலவசம். 1:25,000 வரைபடத்தில் ஆல்ப்ஸ் பகுதியில் ஒரு சமஉயரக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாதை அவற்றைச் செங்குத்தாக வெட்டாமல் அவற்றோடு பக்கவாட்டில் போனால், அங்கே ஒரு பக்கம் திறந்த வெளி என்று அர்த்தம். மீதெனில் அந்தக் கோடுகள் கைரேகை மாதிரி நெருங்கிக் கிடக்கின்றன. பிறகு பார்த்தபோது வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பாவுக்கு அறுபத்தாறு. வெள்ளியங்கிரி இருபது தடவைக்கு மேல் ஏறியவர், அதுவும் வெறுங்காலில். அவரை ரோப் காரில் ஏற்றி உச்சியில் காபி வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார். அதற்காக நீஸன் கூட்டிப் போகவும் முடியாது. இரண்டு வாரம் வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குமுன் எந்த மலைக்கும் அவ்வளவு யோசித்ததில்லை. கடைசியில் நீடர்ஹார்ன், 1963 மீட்டர். பேயாட்டென்பெர்க் ஊரிலிருந்து ஏறினால் 800 மீட்டர் ஏற்றம். நடுவில் ஃபோர்ஸாஸ் என்ற இடத்தில் ரோப் கார் நிற்கும், முடியாவிட்டால் அங்கேயே ஏறிக்கொள்ளலாம். உச்சியிலிருந்து இறங்குவதும் ரோப் காரில். அம்மா நேராக மேலே வந்து எங்களுக்காகக் காத்திருப்பார். யாருக்கு எங்கே முடியாமல் போனாலும் வெளியேற ஒரு வாசல் இருக்கிற மலை.

ஸ்டிக் இரண்டு கொடுத்தேன். "ரெண்டு எதுக்கு கண்ணு, பூண்டியில ஒத்த மூங்கத் தடியிலதான ஏறுனோம்," என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏற்றம் முழுக்க அந்த ஒற்றை ஸ்டிக்கோடு, அவசரமில்லாமல், பேச்சு நிற்காமல் வந்தார். ஒரு தொழுவத்தைத் தாண்டும்போது பாதை மேலேயே பசுக்கள். கன்றோடு இருக்கும் பசுவிடம் நெருங்காதீர்கள் என்று வேலியில் படம் போட்டுப் பலகை வைத்திருந்தார்கள். அதை மொழிபெயர்க்க நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பாதையை விட்டு இறங்கிச் சுற்றிப் போக ஆரம்பித்திருந்தார். "கன்னுக்குட்டி இருக்கற மாட்டுகிட்ட யாராச்சும் போவாங்களா?" ஒவ்வொரு வருடமும் படித்தவர்கள் சிலர் செல்ஃபி எடுக்கப் போய் முட்டு வாங்குகிறார்கள்.

பலகை நேரத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக எடுத்தோம். அதை முன்பே கணக்கில் சேர்த்து வைத்திருந்ததால் யாரும் யாரையும் விரட்டவில்லை. ஒரு கூட்டத்தின் வேகம் என்பது அதில் மெதுவாக நடப்பவரின் வேகம். மலையையும் அவரை வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. சராசரியை வைத்து மலை எடுப்பவர்களோடு இப்போது நான் போவதில்லை. உச்சியில் மேகம் விலகி எதிரே அந்த மூன்று வெள்ளை மலைகளும் ஒன்றாகத் தெரிந்தபோது அப்பா எதுவும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்து விபூதி எடுத்துப் பூசிக்கொண்டார். எனக்கும் பூசினார். பக்கத்தில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஜோடி மரியாதையாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

இதற்கு நடுவில் எனக்கும் அந்த 4000 ஜுரம் வந்து போனது. ஆல்ப்ஸில் 4000 மீட்டரைத் தாண்டும் உச்சிகள் 82 என்று 1994-இல் ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் 48 சுவிட்சர்லாந்தில். பக்கத்து மலையிலிருந்து முப்பது மீட்டராவது தனியாக எழுந்து நிற்க வேண்டும் என்ற மாதிரி விதிகளை வைத்து மனிதர்கள் எண்ணிய எண்ணிக்கைதான். ஆனாலும் பட்டியல் என்று ஒன்று வந்துவிட்டால் டிக் போடக் கை பரபரக்கும். ஆபீஸில் ஒருவர் ப்ரைட்ஹார்ன் போய் வந்தார். 4164 மீட்டர். ஸெர்மாட்டிலிருந்து ரோப் காரிலேயே 3800-க்கு மேல் போய்விடலாம், மிச்சம் முந்நூற்றுச் சொச்சம்தான், மருதமலை மாதிரி என்றார். மருதமலையை அவர் பார்த்ததில்லை. அது நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்த உவமை.

ரோப் காரில் போய்ப் பார்த்தேன், உச்சிக்கு இல்லை, மேடை வரைக்கும். 1600 மீட்டரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் 3800. நாற்பது நிமிடத்தில் நெற்றிப் பொட்டில் தலைவலி. கீழே வெள்ளைச் சமவெளியில் ஐந்தைந்து பேராகக் கயிற்றில் கட்டிக்கொண்டு எறும்பு போலப் போனார்கள். அந்தச் சமவெளி தரை இல்லை, பனியாறு. அதில் பிளவுகள் உண்டு. புதுப் பனி அவற்றின் மேல் மெல்லிய கூரை போட்டு மூடிவிடும். அதனால்தான் கயிறு, இடுப்புப் பட்டை, காலுக்கு இரும்பு முள், கயிற்றின் தலைப்பில் வழிகாட்டி. ஏற்றம் லேசு என்பதும் பாதுகாப்பு என்பதும் வேறு வேறு. வழிகாட்டியோடு ஒரு நாள் போகலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அது வேறு விளையாட்டு. நடக்கத் தெரிந்ததாலேயே அதற்குத் தகுதி வந்துவிடாது.

சரி, பனியாற்றில் கால் வைக்காமல் எவ்வளவு உயரம் போகலாம் என்று தேடியபோது கிடைத்ததுதான் பார்ஹார்ன். வாலிஸ் மாநிலத்தில், டுர்ட்மான் பள்ளத்தாக்கின் கோடியில். 3610 மீட்டர். பனியாறு தாண்டாமல் நடந்தே போகக்கூடிய உச்சிகளில் ஆல்ப்ஸிலேயே மிக உயரமானது என்று பெயர் வாங்கியது. எண்ணைப் பார்த்து மயங்கினவன்தானே, மறுபடியும் எண்ணுக்கே போகிறாயா என்று மனைவி கேட்டாள். இந்த முறை பதில் தயாராக இருந்தது. மூன்று மாதம் படித்திருந்தேன்.

செப்டம்பர் முதல் வாரம் என்று வைத்துக்கொண்டோம்: பனி போயிருக்கும், மதிய இடி மழையும் ஜூலை அளவுக்கு இருக்காது, பள்ளத்தாக்குக்குள் பஸ்ஸும் ஓடும். டுர்ட்மானிலிருந்து ரோப் காரில் ஓபெரெம்ஸ், அங்கிருந்து சின்ன பஸ்ஸில் க்ரூபென், பிறகு நடந்து டுர்ட்மான் குடில், 2519 மீட்டர். ஒரே நாளில் போய் வருபவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் குடிலில் இரண்டு இரவு எடுத்தோம். முதல் இரவு உடம்பு உயரத்துக்குப் பழக, இரண்டாவது இரவு முழங்காலுக்காக. 1100 மீட்டர் இறங்கிவிட்டு அன்றைக்கே இன்னொரு 700 இறங்கி பஸ் பிடிக்க ஓடுவதில்லை என்பது நீஸன் கற்றுக் கொடுத்தது.

மலைக்குடில் போகாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. முன்பதிவு கட்டாயம். வரவில்லை என்றால் போன் செய்து சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நமக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கவலைப்படுவார்கள். பூட்ஸை வாசலிலேயே கழற்றி, அவர்கள் வைத்திருக்கும் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். போர்வை உண்டு, ஆனால் உள்ளே படுக்க மெல்லிய துணிப்பை நம்முடையதாக இருக்க வேண்டும். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தட்டில் பாலாடைக்கட்டி மட்டும் வரும். பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும். குறட்டைக்கு மருந்து இல்லை. காதுக்குப் பஞ்சு கொண்டு போங்கள். அன்று இரவு பக்கத்து மேஜையில் கயிறும் கோடாரியுமாக ஒரு கூட்டம் பனியாற்றுப் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. முன்பாக இருந்தால் பொறாமைப்பட்டிருப்பேன். நான் ஃபிளாஸ்கில் டீ நிரப்பிக்கொண்டிருந்தேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். குடிலுக்குக் கொஞ்ச தூரத்திலேயே கெஸ்ஸி என்ற செங்குத்தான இடுக்கு. கெஸ்ஸி என்றால் சந்து என்று அர்த்தம். சங்கிலி போட்டிருக்கிறார்கள். நான் பயந்தது அந்த இடத்துக்குத்தான். எந்த நிமிடமும் திரும்பலாம் என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். அவள் சங்கிலியைப் பிடித்தாள், ஏறினாள், மேலே போய்த் திரும்பிப் பார்த்து, "என்ன, வரலயா?" என்றாள்.

எனக்குக் குழப்பம். மீதெனை விட இது செங்குத்து. இடுக்கைத் தாண்டிய பிறகு உட்கார்ந்து பேசினபோதுதான் புரிந்தது. அவளுக்குச் செங்குத்து பயமில்லை. பக்கம் திறந்திருப்பதுதான் பயம். சந்தில் இரண்டு பக்கமும் சுவர் இருந்தது. இத்தனை நாள் நாங்கள் மலைக்குப் பயம், மலைக்குப் பயம் என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறோம். எனக்கு நேர் எதிர்: திறந்த முகட்டில் நடப்பேன், உதிரும் சரளையில் கால் பின்னால் போகும்போது வயிற்றைக் கலக்கும். பார்ஹார்னில் கடைசி ஒரு மணி நேரமும் சரளைதான். முதலில் பனியாறு தள்ளிவிட்டுப் போன கல்மேட்டின் மேல் நீளமாக நடை, பிறகு சாம்பல் நிறச் சரிவு, இரண்டு அடி வைத்தால் ஒரு அடி பின்னால். அங்கே காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அறுபது அடி நடப்போம், நிற்போம். அவள் எண்ணினாள், நான் நடந்தேன்.

பத்தேகால் மணிக்கு உச்சி. வைஸ்ஹார்ன், 4506 மீட்டர், பக்கத்து வீட்டு மொட்டை மாடி மாதிரி எதிரே நின்றது. கிழக்கே கீழே ஸெர்மாட் போகும் பள்ளத்தாக்கு, அதற்கு அந்தப் பக்கம் டோம் என்ற மலை. காற்று காதைக் கிழித்தது. கீழே கோட்டே தேவைப்படவில்லை; இங்கே இருந்த அத்தனையையும் போட்டும் நடுக்கம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று தெரியும், காற்று அதற்கு மேல் எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பது நின்று பார்த்தால்தான் தெரிகிறது. பன்னிரண்டு நிமிடம் இருந்தோம். ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய். கைபேசியில் ரேகா ஹெலிகாப்டர் மீட்பு எண் 1414-ஐப் பதிந்து வைத்திருந்தேன். சிக்னல் இல்லாத இடத்தில் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும் ஆறு என்று அவளுக்கும் சொல்லி வைத்திருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை. மதியம் இரண்டு மணிக்குக் குடிலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஆப்பிள் கேக் சாப்பிட்டோம்.

மீதென் இன்னும் பாக்கி. அதை எடுத்தது அவள்தான், நான் இல்லை. மழை பெய்து மூன்று நாளாவது ஆகியிருக்க வேண்டும், சனி ஞாயிறு கூடாது, பின்னால் வரிசை சேராமல் இருக்க ஏழு மணிக்கெல்லாம் ஹோல்ட்ஸெக்கில் நிற்க வேண்டும், இடுப்பில் கயிறு கட்டி அதை நான் பிடித்துக்கொள்ள வேண்டும், அந்தப் பையனுக்குக் கட்டியிருந்த மாதிரி. இதெல்லாம் அவள் போட்ட நிபந்தனைகள். கயிற்றை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தரும் ஒரு நாள் வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கிறேன். ஏழு மணிக்கு அங்கே போய்ச் சேர பஸ் கிடையாது. ப்ரூன்னியில் அறை தேடிக்கொண்டிருக்கிறோம்.